மதினியின் வேண்டுதல், என் குதிகால்

கொல்லைப்பக்கத்துத் துவைகல்லில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் இடது காலை மதினி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். எதிரே, விறகடுப்பில் கிடந்து வெந்த ஒரு செங்கல். அதன் மேல் நாலு எருக்கிலை. இலை கல்லில் பட்டதும் சொய்யென்று சத்தம் வருகிறது, கூடவே பச்சை கருகும் வாடை.

"கண்ணை மூடிக்கிட்டு காலை வையி, செல்வி. பொறுத்துக்கிட்டா ஒரே வாரத்துல சரியாப் போயிரும்."

வைத்தேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடு திரும்பிப் பார்த்தது. மதினி காலை விடவில்லை. குன்றக்குடி இருக்கும் திசையைப் பார்த்து, வாய்விட்டு நேர்ந்துகொண்டார்.

"முருகா, இவ காலு மட்டும் சரியாகட்டும். மானகிரில இருந்து செருப்பில்லாம நடந்தே வந்து உன் மலையில நெய்விளக்குப் போடுவா."

'போடுவேன்' என்று சொல்லவில்லை, 'போடுவா' என்றார். வேண்டுதல் அவருடையது, கால் என்னுடையது. அந்த வித்தியாசம் செங்கல் சூட்டில் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மதினி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்கா பஞ்சவர்ணத்தை. சிங்கம்புணரியில் தனியாக இருக்கிறார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். அவர் வந்துவிட்டால் என் வீட்டுக்காரருக்கு வாய் இருப்பதே மறந்துவிடும். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சும்.

பின்னால் நடக்கிற வேலை

போன வாரம் இதே பத்தியில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "நாள் பூராவும் அதில் வெறுங்காலோடு நடந்தால் கால் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். என்னத்துக்கு ஆனது என்பதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்களுடையது விவசாயக் குடும்பம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குள் எங்கள் ஆட்கள் போவது நெல் இறக்கவோ கல்யாணத்துக்குக் காய் நறுக்கவோதான். அப்படிப்பட்ட நான் நாற்பதைத் தாண்டிய பிறகு, தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, அதே மாதிரி ஒரு வீட்டின் முகப்பில் நின்று வெளியூர்க்காரர்களை வரவேற்று வீடு காட்டும் வேலைக்குப் போனேன். எனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் எனக்குக் கோபம் வரும்.

வந்தவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். முகப்பிலிருந்து வளவு என்கிற நடுமுற்றம், வளவிலிருந்து இரண்டாங்கட்டு என்று பேசிக்கொண்டே பின்பக்கமாக நடப்பேன். செருப்பு வாசலோடு சரி. மார்கழிக் காலையில் அந்தத் தரை ஐஸ் மாதிரி இருக்கும்.

அந்தச் சுற்றுலாச் சீசனில் வீட்டுக்குச் சொந்தக்கார ஆச்சி அடுத்த தெருவில் இருந்த இன்னொரு வீட்டையும் திறந்துவிட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இரண்டு வீட்டிலும் மொட்டைமாடி வரை ஏறி இறங்க வேண்டும். மாடியில் நின்று போட்டோ எடுக்காவிட்டால் வந்தவர்களுக்குக் காசு செரிக்காது.

வலி ஒன்றும் திருடன் மாதிரி வரவில்லை, சொல்லிவிட்டுத்தான் வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், குதிகாலுக்கு இரண்டு விரற்கடை மேலே, பின்பக்கம், கிடுக்கி போட்டுப் பிடித்த மாதிரி இருக்கும். அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் விட்டுவிடும். அதுதான் விட்டுவிடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு மாடிப்படியில் பிடித்தது. அப்புறம் பஸ்ஸில் ஏறும்போது. ஒருநாள் தடவிப் பார்த்தால், புளியங்கொட்டையை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஒரு தடிப்பு. தொட்டாலே உயிர் போனது.

ஊரில் யார் கண்ணில் பட்டாலும் ஒரு வைத்தியம் கிடைத்தது. வாயு என்றார்கள், சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். சுளுக்கு எடுக்கிறவர் வேப்பெண்ணெய் போட்டு அந்தத் தடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி உருவினார். மறுநாள் அது இரண்டு புளியங்கொட்டை ஆனது. காலுக்குக் கால்தான் மருந்து என்று நாள் தவறாமல் ஆட்டுக்கால் சூப் குடித்தேன். கால் அப்படியே இருந்தது, ரவிக்கைதான் பத்தாமல் போனது.

நொண்டுவதை எத்தனை நாள் மறைக்க முடியும்? ஆச்சி ஒருநாள் கூப்பிட்டுவிட்டார். நல்ல மாதிரி மனுஷி, குரலை உயர்த்த மாட்டார்.

"முடியாத காலோட நீ நடக்க வேண்டாம், செல்வி. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து சீட்டுக் கிழிச்சுக் குடு. வீடு காட்டுறதுக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கிறேன்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். கொஞ்ச நாள் அசையாமல் படுத்துக் காலைச் சரியாக்கிக்கொண்டு போய் நிற்கிறேன் பார் என்று லீவு சொல்லிவிட்டுப் படுத்தேன். மதினியும் செங்கல்லும் வந்தது அப்போதுதான்.

நடந்தே போனேன்

பங்குனி வாக்கில் வலி நின்றுபோனது. அத்தனை வாரம் படுத்தே கிடந்ததால் நின்றது என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்தப் பெருமை முருகனுக்கும் செங்கல்லுக்கும் சரிபாதியாகப் போனது.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் நடையைத்தான் நேர்ந்துகொள்வார்கள். பிள்ளை பாஸானால் நடை, பொண்ணுக்கு வரன் அமைந்தால் நடை. கால் வலிக்கும் நடையையே நேர்ந்துகொள்வது, தாகத்துக்கு உப்பை நேர்ந்துகொள்கிற கதை என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

விடிந்தும் விடியாமலும் புறப்பட்டேன். என் வீட்டுக்காரர் பைக்கை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மதினிக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். அதனால் சிங்கம்புணரியிலிருந்து பஸ்ஸில் வந்து, அடிவாரத்தில் நெய்யும் திரியுமாகக் காத்திருந்தார். வெறுங்காலோடு தார் ரோட்டை நடந்து முடித்து, மலைப்படியும் ஏறி, விளக்கும் போட்டுவிட்டேன். துளி வலி இல்லை. சாயங்காலம் ஆச்சிக்குப் போன் போட்டு, நாளைக்கே வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. காலை ஊன்றியதும் கண்ணில் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை ஒற்றைக் காலில் தத்திப் போனேன்.

மதினிக்குச் செய்தி போனது. அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"வழியில செருப்புப் போட்டியா?"

ரோடு போடுகிற இடத்தில் கொஞ்ச தூரம் ஜல்லி கொட்டிக் கிடந்தது. அங்கே மட்டும் போட்டேன். நான் மூடி மறைப்பதற்குள் என் வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அப்ப வேண்டுதல் சேரலை. அதான் திரும்பக் குடுத்துட்டான். இன்னொரு தரம் சுத்தமா நடந்துட்டு வந்துரு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? "என் காலு போனாலும் பரவாயில்ல, உங்க வாக்கு நிக்கணும். அப்படித்தான மதினி?" என்று கேட்டுவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

கறிக்கடைக் கொக்கி

காரைக்குடியில் ரெஹானா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார் என்று ஆச்சிதான் சொல்லி அனுப்பினார். கால் வைத்தியம் பார்க்கிற அந்த இடம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்கு நோய் முற்றியிருக்கும்.

ரெஹானா என்னைவிடச் சின்னவர், நிதானமான பேச்சு. முதலில் குப்புறப் படுக்கச் சொல்லி, கெண்டைச்சதையைப் பிடித்து அமுக்கினார். பாதம் தானாக அசைந்தது.

"அறுந்து போகலைக்கா. அது நல்ல சேதி. எங்குட்டு வலிக்குது? ஒத்த விரல்ல காட்டுங்க."

காட்டினேன். சர்க்கரை உண்டா, சமீபத்தில் காய்ச்சலுக்கு வீரியமான மாத்திரை எதுவும் சாப்பிட்டேனா என்றெல்லாம் கேட்டார். சில மாத்திரைகளும் இந்த இடத்தைப் பதம் பார்க்குமாம். பிறகு சீசன், இரண்டு வீடு, மொட்டைமாடி, படுக்கை, குன்றக்குடி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"எல்லாரும் குதிகால் நரம்புன்னு சொல்லுவாக. அது நரம்பில்லக்கா. கெண்டைச்சதையையும் குதிகால் எலும்பையும் சேத்துக் கட்டியிருக்கிற தசைநாண்."

"ஆட்டை உரிச்சுத் தொங்கவிடும்போது பின்னங்கால்ல கொக்கி மாட்டுவாகளே, எலும்புக்கும் அந்த வெள்ளைக் கயித்துக்கும் நடுவுல, அதுவா?"

"அதேதான். முழு ஆட்டையும் தாங்குது பாத்தீகளா? உங்களதும் அப்படித்தான், உங்களைத் தாங்குற கயிறு. பாரம் குடுத்தா உரமேறும். ஆனா மெள்ளத்தான் ஏறும். நீங்க ஒரேயடியா ரெண்டு வீட்டை ஏத்துனீக, புண்ணாப் போச்சு. பொறவு ஒரேயடியாப் படுத்தீக, இருந்த வலுவும் போச்சு. வலி போனதும் வலு வந்துருச்சுன்னு நினைச்சு நடந்துட்டீக."

இத்தனை மாதத்தில் என் காலைப் பற்றி எனக்குப் புரிகிற மாதிரி ஒருத்தர் பேசியது அதுதான் முதல் தடவை. வலி போவது வேறு, வலு வருவது வேறு. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ ஆட்டுக்கால் பிழைத்திருக்கும்.

பயிற்சியைப் பார்த்தால், இதற்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தோம் என்று இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எம்பி நிற்க வேண்டும். நின்று, மிக மெதுவாக இறங்க வேண்டும். அது பழகிய பிறகு ஒற்றைக் கால். அப்புறம் படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து எம்பி, குதிகாலைக் கீழே இறக்குவது. கடைசியில் முதுகில் ஒரு அரிசிப் பை. செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் முந்தின நாளைவிட விறைப்பு கூடியிருக்கக் கூடாது, அதுதான் கணக்கு. உருவுவது, செங்கல் எல்லாம் நிறுத்தம். கொஞ்ச மாதத்துக்கு வெறுங்கால் கூடாது, பின்பக்கம் சற்று உயர்ந்த ஷூ போட வேண்டும்.

வீட்டில் படி விளிம்புக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே படி, நிலைப்படி. விளக்கு வைக்கிற நேரத்தில் அதில் நின்று எம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வாய் வந்துவிட்டது. "வாசப்படியில நின்னா வீட்டுக்கு ஆகாது, இறங்குத்தா" என்றார். துவைகல்லுக்கு மாறினேன்.

ஆச்சியிடம் ஷூ விஷயத்தைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. சாமி கும்பிடுகிற வீட்டுக்குள் ஷூவா? அவர் கொஞ்சம் யோசித்தார். "தெருவை மிதிக்காத புது ஷூவா வாங்கி இங்கயே வச்சுக்க. சாமி வீட்டுப் பக்கம் மட்டும் கழட்டிரு. முதல்ல காலைத் தேத்திக்கிட்டு வா, அடுத்த சீசன்ல பாப்போம்" என்றார். அந்த அடுத்த சீசன்தான் என் கெடு. அதற்குள் கால் தேறவில்லை என்றால் நாற்காலியும் சீட்டும்தான்.

சிவப்பா வெள்ளையா

வேண்டுதலைப் பற்றி ரெஹானாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப அத்தனை தூரம் நடந்தா பழையபடி படுத்துருவீக. ஆமா, ஒரே நாள்ல நடந்து முடிக்கணும்னா நேந்தாக?"

"நாளெல்லாம் ஒண்ணும் சொல்லலை."

"அப்ப கொஞ்சங்கொஞ்சமா நடங்க. இந்த வாரம் ஒரு துண்டு, அடுத்த வாரம் விட்ட இடத்துல இருந்து அடுத்த துண்டு. ஷூ போட்டுக்கிட்டு. உங்க காலுக்கும் அதுதான் வேணும்."

இதை மதினியிடம் யார் சொல்வது? பேச்சே இல்லை. என் வீட்டுக்காரரைத் தூது அனுப்பினேன். பதில் எனக்கே போனில் வந்தது. "சாமி காரியத்தைப் பிச்சுப் பிச்சா பண்ணுவாக? அதுவும் ஷூவைப் போட்டுக்கிட்டு? என்னால சொல்ல முடியாது. பூக்கட்டிப் பாப்போம், வா."

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காரியத்துக்குச் சாமியின் உத்தரவு வேண்டுமென்றால், சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் வைத்து ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சன்னிதியில் போடுவோம். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

சிங்கம்புணரியில் மதினி தெருவிலேயே ஒரு பிள்ளையார் கோயில். நான் போய்ச் சேர்ந்தபோது பொட்டலம் இரண்டும் தயாராக இருந்தன. மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவப்பு வந்திருந்தால் நான் வெறுங்காலோடு நடந்திருப்பேன். அதுதான் உண்மை. மதினியோடு பேசாமல் இருந்த நாட்கள் எனக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தன. நடந்தால் கால் போகும், காலோடு வேலையும் போகும் என்று தெரிந்துதான் கையை நீட்டினேன்.

பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை. மதினி மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "உத்தரவு ஆகிப்போச்சு, வா, காப்பி குடி" என்றார்.

துண்டு நடை

முதல் வாரம் வீட்டிலிருந்து மானகிரி டீக்கடை வரை. அங்கிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வேண்டுதல் நடைக்கு டிக்கெட் எடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அடுத்த வாரம் டீக்கடையிலிருந்து ஒரு புளியமரம் வரை. அதற்கடுத்த வாரம் புளியமரத்திலிருந்து ஒரு பாலம். "இங்க ஸ்டாப் இல்லக்கா" என்று கண்டக்டர் முதலில் சண்டை பிடித்தார். கதையைக் கேட்ட பிறகு, "இன்னைக்கு எதுவரைக்கும்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

மதினி ஒரு வாரம்கூட விடாமல் வந்தார். "நீ தூரத்தைக் குறைச்சுருவ, உன்னைய நம்ப முடியாது" என்றார். தேய்ந்த முட்டியோடு பக்கத்தில் ஆடி ஆடி நடந்தார். அவர் வேகத்துக்கு நான் நடந்ததுதான் என் குதிகாலுக்குச் சரியான வேகம் என்று ரெஹானா சொன்னார்.

நேராக ஏறிக்கொண்டே போகவில்லை. ஆடிக் காற்றில் ஒரு வாரம் உற்சாகமாகி இரண்டு துண்டைச் சேர்த்து நடந்தேன். மறுநாள் காலை பழைய கிடுக்கி. எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். "ஒண்ணும் போகலக்கா, ஒரு படி கீழ இறங்கி திரும்ப ஏறுங்க" என்றார் ரெஹானா. இறங்கினேன், திரும்ப ஏறினேன். துவைகல்லில் அரிசிப் பையோடு எம்பி இறங்கும் என்னைப் பார்க்க மழை நாளில்கூட பக்கத்து வீட்டார் வந்தார்கள்.

தடிப்பு முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் தடவினால் தெரியும். ஆனால் முதல் அடி வலிப்பது எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. வலி வந்த நாளைப் பார்த்த நான், போன நாளைக் கவனிக்கவில்லை.

கார்த்திகையில் கடைசித் துண்டு, மலைப்படி. மறு வாரம் சீசன் தொடங்குகிறது, ஆச்சி என்னை முகப்பில் நிற்கச் சொல்லியிருந்தார். அடிவாரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டேன். அந்த அளவுக்கு ரெஹானா அனுமதித்திருந்தார்.

பாதிப் படியில் மதினி உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான்த்தா கட்டுனேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. ஒரு வெள்ளிக்கிழமை விளக்குத் தவறினால் ஊரைக் கூட்டுகிற மனுஷி இவர்.

"சாமிகிட்டயேவா மதினி? சாமிக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." முட்டியைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு நான் விழுந்தா தூக்குறதுக்கு எனக்கு யாரு இருக்கா? எனக்குன்னு இருக்கிறது உன் காலு ஒண்ணுதான். அதைப் போயி சிவப்பா வெள்ளையான்னு விட்டுப் பாக்கச் சொல்றியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வாக்குக்காக என் காலைப் பணயம் வைத்தார் என்று இத்தனை மாதம் மனசுக்குள் கருவிக்கொண்டிருந்தேன். தன்னுடைய கடைசிக் காலத்தை என் காலில் கட்டி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எந்திரிங்க மதினி. நெய் உருகுது."

"முட்டி பிடிச்சுக்கிச்சு. தூக்கி விடு."

ஒரு படி மேலே நின்று, இரண்டு கையையும் பிடித்து, குதிகாலை அழுத்தி ஊன்றித் தூக்கினேன். மதினி நல்ல கனம். கால் தாங்கியது.